ரோசா வளையம்

வீட்டில கோழி அடிச்சா நான் கடைத்தெருப் பக்கம் நடந்துருவேன், ஐயா. ரத்தம் எனக்கு ஆகாது. ஆனையூர் பள்ளிக்கூடத்தில பிள்ளைகளுக்குத் தவளை அறுத்துக் காட்டப்போய், தவளைக்கு முன்னாடி தானே மல்லாந்த இந்தச் சயின்ஸ் வாத்தியார் நல்லகாமனை ஊருக்கே தெரியும்.

எமர்ஜென்சி முடிஞ்ச வருசம் ஒரு கிறுக்குப் பிடிச்சுச்சு. துணையை விட்டுப் பிரியாத சிட்டுக்குருவிதான் ரொம்ப நாள் உசுரோட இருக்கும், அதை நிரூபிக்கணும். வாசல்ல நெல்லுக்கதிர் கட்டித் தொங்கவிட்டா குருவி தானா வரும். என் சம்சாரம் சீனியம்மாள் ஒயர் கூடை பின்னுவா. அவ வெட்டிப்போட்ட துண்டுகளை எடுத்து, பிடிச்ச குருவி காலுக்கெல்லாம் வளையம் மாட்டினேன். எங்க வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னாடி கூடு கட்டின ஆம்பளைக்குச் செவப்பு, பொம்பளைக்கு மஞ்சள். எதிர்வீட்டு ஆம்பளைக் குருவிக்கு ரோசா. ரெண்டு வருசம் நான் கல்யாணத் தரகர் கணக்கா நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

மூணாம் வருசம் பங்குனியில பார்த்தா, மஞ்சள் பக்கத்தில ரோசா உக்காந்திருக்கு. செவப்பைக் காணோம். என் பொண்டாட்டியே ஓடிப்போயிருந்தாலும் அம்புட்டு ஆத்திரம் வந்திருக்காது. ஓடிப்போறது பிழைக்காதுங்கிறதுதானே என் கண்டுபிடிப்பு? அந்தக் கழுதை கொழுத்துப்போய்த் திரியுது. பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் கதிர்ல தடவினேன். மறுநாள் ரெண்டும் வாசல்ல கிடந்துச்சு. நோட்டுல எழுதினேன்: 'துணை மாறியது. இறந்தது.'

சீனியம்மாள் கதிரை மோந்து பார்த்தா. அப்புறம் ஆம்பளைக் குருவியை எடுத்து, வளையத்தைப் பிரிச்சு உள்பக்கத்தைக் காட்டினா. நல்ல செவப்பு.

"வெயில்ல வெளுத்திருக்குங்க. சன்னல்ல மாட்டுன என் கூடையும் இப்படித்தான் ரோசாவாப் போச்சு. இது அதே ஆம்பளதான். அது எங்கயும் போகல."

எனக்கு வெக்கமாப் போச்சு, ஐயா. நோட்டுல அந்த வரியை அடிச்சேன். தப்புன்னு தெரிஞ்சா அடிச்சிருவேன், அந்த நேர்மை எனக்கு உண்டு. அவ பெட்டியில சேலையை அடுக்கிக்கிட்டு இருந்தா. பேரையூர்ல அண்ணன் வீட்டுக்குப் போறாளாம்.

"நீங்களா ஒண்ணை நினைச்சுக்கிட்டு உசுரை எடுக்கிறீக. உங்களோட நான் எந்தத் தைரியத்தில இருக்கிறது?"

நான் மறிக்கல. பஸ்ஸில பசிக்குமேன்னு புளிச்சோறு கிண்டிக் கட்டிக் குடுத்தேன். பதினெட்டு வருசத்தில அடுப்படிக்கு நான் போனது அன்னைக்குத்தான். வாயில ஒரு மாதிரி இருந்திருந்தாலும், வாத்தியார் சமையல் இம்புட்டுத்தான்னு நினைச்சிருப்பா. அவ உசிலம்பட்டி தாண்டலைன்னு உங்க ஏட்டய்யாதான் சொன்னாரு.

மருந்து வச்சது நான்தான், எழுதிக்கங்க. குருவிக்கும் நான்தான், அவளுக்கும் நான்தான். ஆனா நோட்டையும் ஒருதடவை பாருங்க, ஐயா. அடிச்ச வரிக்குக் கீழே புதுசா ஒண்ணு எழுதியிருக்கேன்: 'துணையைப் பிரிந்தது. இறந்தது.' இதுல கலர் வெளுக்கிற பேச்சே இல்ல. பிரிஞ்சு போனவ போய்ச் சேர்ந்தா. பிரியாத நான் கல்லு கணக்கா உங்க முன்னாடி உக்காந்திருக்கேன்.