சுசித்ராவின் கைராசி

கம்ப்யூட்டர் நின்றுபோனால் எல்லாரும் முதலில் அதன் தலையில் ஒரு தட்டு தட்டுகிறார்கள். தட்டக் கூடாது மேடம். நான் ஸ்டேஷனுக்குள் வரும்போது உங்கள் ரைட்டரும் தட்டிக்கொண்டுதான் இருந்தார். அறிவுரை சொல்லும் நிலையில் நான் இன்று இல்லை என்பதால் சும்மா உட்கார்ந்துவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த மிஷின் திடீரென்று நின்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கடைசியாக என்ன மாறியது? அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வருடம் பிழைத்தேன். சுசித்ரா விஷயத்திலும் நான் அதைத்தான் கேட்டேன்.

என் பெயர் மாதவராஜ். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு அருகே கலைவாணன் அண்ணன் நடத்துகிற ஆன்லைன் சென்டரில் நான்தான் சீனியர். பட்டா, வருமானச் சான்று, பென்ஷன் பணம் எடுத்துக் கொடுப்பது எல்லாம் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் இரண்டு. வாசலோரம் இருப்பதில் கைரேகை மிஷின் மாட்டியிருக்கும். அதில் சுசித்ரா உட்காருவாள்.

கலைவாணன் அண்ணனுக்குக் கம்ப்யூட்டரைவிடப் போணியில்தான் நம்பிக்கை. காலையில் முதல் ஆளுக்கு யார் வேலை முடித்து அனுப்புகிறார்களோ, அவர்கள் கைராசிப்படிதான் அன்றைய வியாபாரம் என்பார். சுசித்ராவை அவர் வேலைக்கு வைத்தது அவள் படித்த பி.சி.ஏ.வுக்காக அல்ல. அவள் அப்பா பச்சியப்பன் மாமா மஞ்சள் வெள்ளாமைக்காரர். அவர்கள் பக்கத்தில் யார் மஞ்சள் நட்டாலும் முதல் கிழங்கை ஊன்ற அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கை பட்டால் விளையும் என்று பேர். அந்தக் கையை அண்ணன் கீபோர்டில் கொண்டுவந்து வைத்தார். கூட்டமும் வந்தது. அவள் வேகமாக டைப் அடிக்கிறாள், யாரிடமும் எரிந்து விழுவதில்லை, அதனாலும் கூட்டம் வரலாம் என்றேன். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சித்திரையில் ஒரு நாள் வாசலோரக் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு அப்டேட்டைப் போட்டுக்கொண்டது. அது எப்போதும் நடப்பதுதான். மறுநாள் காலை முதல் ஆளாகக் கோவிந்தம்மாள் பென்ஷன் எடுக்க வந்தது. சுசித்ரா சிரித்துக்கொண்டே மிஷினை நகர்த்தி வைத்தாள். அந்த அம்மா விரலை வைத்ததும் திரை நீலமாகிக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. மறுபடி போட்டார்கள். விரல் வைத்ததும் மறுபடி நீலம்.

"எனக்குப் பணம் இல்லைன்னு சொல்லுதா கண்ணு?" என்று கோவிந்தம்மாள் கேட்டது.

"அதில்லீங்க ஆயா," என்றாள் சுசித்ரா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அப்டேட் புதுசு, கைரேகை மிஷினோட டிரைவர் பழசு. ரெண்டுக்கும் ஒத்துக்கல. டிரைவரை மாத்திட்டா சரியாப் போயிடுங்க."

டிரைவர் என்பது, மேடம், அந்த மிஷினையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற ஒரு சின்ன மென்பொருள். கலைவாணன் அண்ணனுக்கு அது தெரியாது. "எந்த டிரைவருடா? அரூர் பஸ்ஸுக்காரனா? அவனுக்கும் நம்ம கடைக்கும் என்ன?" என்றார். கூட்டம் சிரித்தது. சுசித்ராவும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, "அவசரப்பட்டு எதுலயும் கை வைக்கக் கூடாதும்மா, முதல்ல என்ன மாறுச்சுன்னு பார்ப்போம்," என்றேன். டிரைவரை மாற்றப் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது.

அந்த வாரத்தில் மாறியவை இரண்டு. ஒன்று, அப்டேட். இன்னொன்று, சுசித்ராவுக்கு மொரப்பூரில் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டையும் சேர்த்து நான் எதுவும் சொல்லவில்லை. அண்ணனிடம் டீ குடிக்கும்போது, "பாப்பாவுக்கு நிச்சயம் ஆன மறுநாள்ல இருந்துதாங்கண்ணா இப்படி," என்று தேதியை மட்டும் சொன்னேன். தேதி உண்மை. டீயை வைத்துவிட்டு அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு சோதனை செய்தேன். சோதிக்காமல் முடிவுக்கு வருகிறவன் நான் இல்லை. அதே கம்ப்யூட்டர், அதே நாற்காலி, அதே கரண்ட். சுசித்ரா உட்கார்ந்து கைரேகை வேலை பார்த்தால் நின்றது. நான் உட்கார்ந்தால் ஓடியது. நான் உட்காரும்போது விரல் வைக்கத் தேவையில்லாத, போனுக்கு ஓ.டி.பி. வருகிற வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன் என்பது யாருக்கும் தெரிய வேண்டிய விஷயமில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது. "அண்ணா, நீங்களும் ஒரு தடவை விரல் வைக்கிற வேலை பாருங்களேன்," என்றாள். "பார்க்கலாம்மா," என்றேன். அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. சீனியர் என்றால் நிதானமாகத்தான் செய்வார் என்று நினைத்திருக்கிறாள். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைகிறது.

சம்பந்தியம்மா வந்தது தற்செயல் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா நிர்மலாதேவிக்கு விதவை பென்ஷன் வருகிறது. "மொரப்பூர்ல எதுக்கு அலையறீங்க, மருமக கையாலயே வாங்கிக்கலாமே," என்று நான்தான் போன் செய்து சொன்னேன். அவர்கள் பட்டுப்புடவையில் வந்தார்கள். அண்ணன் அவர்களையே போணிக்கு உட்கார வைத்தார். சுசித்ரா முகமெல்லாம் வேர்த்து, என்னைப் பார்த்தாள். அந்த அம்மா விரலை வைத்தார்கள். நீலம். துடைத்துவிட்டு இன்னொரு விரல். மறுபடி நீலம்.

கடையில் யாரோ ஒரு ஆள், நிச்சயம் ஆனதிலிருந்தே இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். நான் இல்லை. நான் சொன்னதெல்லாம் அந்த அம்மாவை பஸ் ஏற்றிவிடும்போதுதான். "மிஷின்தானுங்க, மனசுல வச்சுக்காதீங்க," என்றேன். அப்படிச் சொன்னால் மனசில் நன்றாகவே தங்கும்.

மொரப்பூரிலிருந்து நிச்சயத் தட்டு திரும்பி வந்துவிட்டது. அண்ணன் சுசித்ராவைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளு வூட்ல இரும்மா, காலம் சரியாகட்டும்," என்றார். அவரும் கண் கலங்கினார். நல்ல மனிதர். அவள் அழவில்லை. "அண்ணா, அந்த டிரைவரை மட்டும் ஒரு தடவை மாத்திப் பாருங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னபடியே மறுநாள் மாற்றினேன். ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் மிஷினைப் பார்த்தார்கள், காலி நாற்காலியைப் பார்த்தார்கள், தலையை ஆட்டிக்கொண்டார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

அதற்கப்புறம் நடந்ததை எல்லாம் என் தலையில் போடுவது நியாயம் இல்லை. வைகாசியில் மஞ்சள் நட ஆரம்பித்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் கருப்பண்ணன், அவள் வரப்பில் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு விதைக் கிழங்கு மூட்டையைச் சாக்குப் போட்டு மூடினாராம். அதே ஆள் போன வருடம் அவளைக் கூப்பிட டெம்போ அனுப்பியவர். பச்சியப்பன் மாமா சோறு தண்ணி இறங்காமல் கடைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "என் புள்ளைக்கு என்னடா ஆச்சு மாதவா? நீ படிச்சவன், சொல்லு," என்றார்.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "மிஷின்னா ரீஸ்டார்ட் பண்ணுவோங்க மாமா. மனுஷங்களுக்கும் அது மாதிரி ஏதாச்சும் இருக்குதான்னு கோயில் பூசாரி பெரியண்ணனைக் கேட்டுப் பாருங்களேன்," என்றேன்.

பூசாரி, கையில்தான் தோஷம், கையில்தான் கழிக்க வேண்டும் என்றார். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, அது எரிந்து அடங்கும்வரை மூடிய கையைத் திறக்கக் கூடாது. கற்பூரம் நான்தான் வாங்கிப் போனேன். மட்டமான கற்பூரம் புகைந்துகொண்டே கிடக்கும் என்பதால் கடையில் நல்லதாகக் கேட்டு வாங்கினேன். சுசித்ரா, "அப்பா, இது டிரைவர் பிரச்சனைப்பா," என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். பூசாரி கற்பூரத்தை ஏற்றியதும் உதறப் பார்த்தாள். விரல்களை மடக்கி இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். நானும் ஒரு கையைப் பிடித்தேன். தப்பாக நினைக்க வேண்டாம், நான் பிடித்தது இடது கை. அவள் கையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

வலது கையில் ஐந்து விரலும் வெந்துவிட்டன. இனி அந்த விரல்களில் ரேகை வராது என்று டாக்டர் சொன்னார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் பெரிய நஷ்டம் இல்லை மேடம். எந்தக் கைரேகை மிஷினுக்கும் ஒரு கை போதும்.

போன வாரம் அவள் கடைக்கு வந்தாள். வைத்தியத்துக்குத் தன் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டும் என்றாள். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் பதறிப்போய் இன்னும் போணி ஆகவில்லை என்றார். அவள் கேட்காத மாதிரி இடது கை விரலை மிஷினில் வைத்தாள். கடையே திரையைப் பார்த்தது. திரை வெள்ளையாகவே இருந்தது. பணம் வந்துவிட்டதாக எழுத்து வந்தது.

"அண்ணா, நிக்கலீங்க பாருங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிறகு இடது கையாலேயே மவுஸைப் பிடித்து, தடுமாறித் தடுமாறி, டிரைவர் மாற்றிய தேதி இருக்கிற இடத்தைத் திறந்தாள். தேதியைச் சத்தமாகப் படித்தாள். "நான் வேலையை வுட்டுப் போன மறுநாளுங்க," என்றாள். கலைவாணன் அண்ணன், "எந்த டிரைவரும்மா?" என்று கேட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்ததில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முதல் நாளே எனக்குக் காரணம் தெரியும். தெரிந்துதான் மாற்றாமல் விட்டேன். சம்பந்தியம்மாவை வரவழைத்ததும், பூசாரியிடம் அனுப்பியதும் நான்தான். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

ஏன் என்று கேட்டீர்கள். உறவுமுறைப்படி பச்சியப்பன் எனக்கு மாமா. அவர் மகள் நான் கட்டிக்கிற முறை. நான்கு பேர் வழியாகப் பெண் கேட்டும் விட்டேன். மாமாவுக்குச் சம்மதம்தான். அவள்தான், "அய்யோ, அவரை நான் அண்ணான்னு கூப்பிடறேனே," என்று சொல்லிவிட்டாளாம். ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேருக்கு வருகிறவனையும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த வார்த்தைக்காகக் கட்டிக்கிற முறை இல்லாமல் போய்விடுமா? அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும் மேடம். யாருக்கும் இல்லாதபடி பிடிக்கும். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுங்குகிற ஒரு நிலை வந்தால் அவள் என்னைச் சரியாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். ஒதுங்கவும் செய்தார்கள். திட்டத்தில் பிழை எதுவும் இல்லை.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மொரப்பூர்க்காரர்கள் இனி வரமாட்டார்கள். வெந்துபோன கையோடு இருக்கிற பெண்ணை இந்தப் பக்கத்தில் யார் எடுப்பார்கள்? நான் எடுக்கிறேன். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு பைசா சீர் வேண்டாம், வருகிற ஆவணியிலேயே முடித்துவிடலாம். கைராசி, தோஷம் என்று ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். நான் கம்ப்யூட்டர் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. வலது காலை எடுத்து வைத்து அவள் தைரியமாக என் வீட்டுக்குள் வரலாம். விளக்கை மட்டும் என் தங்கச்சி ஏற்றிவிடுவாள்.