பூட்டில்லாத சைக்கிள்

செல்லக்கனி: தொடாத. மொதல்ல சொல்லு, ஒனக்கு எதுக்கு இந்தக் கியர் சைக்கிளு?

எப்சி: விக்கிறதுக்குத்தானக்கா போட்டிருக்கீங்க? தொட்டுப் பாக்காம எப்படி வாங்க?

செல்லக்கனி: காலையில இருந்து நாலு பேரு வந்து பாத்துட்டுப் போயாச்சு.

எப்சி: நாலு பேருமா வேண்டாம்னுட்டாங்க? ஆறாயிரத்துக்கு இப்படி ஒரு சைக்கிள யாரு விடுவா?

செல்லக்கனி: அவுக வேண்டாம்னு சொல்லல. நான்தான் குடுக்கல.

எப்சி: ஏன்?

செல்லக்கனி: புடிக்கல. ஒம் பேரென்ன?

எப்சி: எப்சி.

செல்லக்கனி: ஊரு?

எப்சி: ராஜபாளையம்.

செல்லக்கனி: ராஜபாளையத்துல சைக்கிள் கடையே இல்லியாக்கும்? பஸ்ஸப் புடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருக்க…

எப்சி: நீங்க மட்டும் என்னவாம்? இங்க இருந்துக்கிட்டு ராஜபாளையம் வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ போட்டிருக்கீங்க. இந்த ஊர்ல வாங்க ஆளில்லையா?

செல்லக்கனி: அங்கதான் காசுள்ளவுக இருக்காவ. மக போட்டுக் குடுத்தா. என்ன வேல பாக்க நீ?

எப்சி: ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல.

செல்லக்கனி: அதான பாத்தேன்! குத்திக் குத்திக் கேக்க.

எப்சி: நான் எங்கக்கா கேட்டேன்? வந்ததுல இருந்து நீங்கதான் கேக்கீங்க. சரி, இப்ப என் முறை. இது யாரு ஓட்டுனது?

செல்லக்கனி: எங்க அண்ணன் மகன்.

எப்சி: அவரு எம்புட்டு உயரம்?

செல்லக்கனி: அவனா… ஆறடி இருப்பான்.

எப்சி: ஆறடி ஆளு இந்தச் சீட்ல உக்காந்து மிதிச்சா முட்டி வந்து தாடையில இடிக்குமே.

செல்லக்கனி: நான்தான் எறக்கி வச்சேன்.

எப்சி: சீட்ட எறக்கலாம். பிரேமே சின்னதுல்ல? என்னைய மாதிரி குட்டையா இருக்கவங்களுக்கு உள்ளது. சைஸ் பாக்காம யாரு வாங்குவா?

செல்லக்கனி: இப்பத்தான் ஓட்டிப் பழகப் போறேன்னு போன்ல சொன்ன?

எப்சி: யூடியூப்ல பாத்தேன்…

செல்லக்கனி: ஓஹோ.

எப்சி: கியர் எத்தனக்கா?

செல்லக்கனி: நெறைய.

எப்சி: நெறையன்னா?

செல்லக்கனி: இந்தா, பின்னால தட்டு தட்டா அடுக்கி வச்சிருக்குல்ல… எண்ணிக்கோ.

எப்சி: ரொம்ப கியர் இருந்தா நல்லதுன்னு நெனச்சுத்தான் எல்லாரும் ஏமாறுறாங்க. புதுசா ஓட்டுறவங்களுக்குக் கொஞ்சம் இருந்தாப் போதும். சரி, முன்னால குலுங்காம இருக்க ஷாக் இருக்குல்ல, அது லாக் ஆகுமா?

செல்லக்கனி: ஷாக்கா? கரண்டெல்லாம் இல்ல தாயி. மிதிச்சாத்தான் போவும்.

எப்சி: அண்ணன் மகன் ஒங்களுக்கு ஒண்ணுமே சொல்லித் தரலியா?

செல்லக்கனி: அவன் வெளியூர்ல இருக்கான்.

எப்சி: எந்த ஊரு?

செல்லக்கனி: கோயம்புத்தூரு.

எப்சி: பில்லு?

செல்லக்கனி: பில்லும் கோயம்புத்தூர்லதான்.

எப்சி: ரெண்டும் சேந்தே போயிருக்காக்கும்.

செல்லக்கனி: நக்கலு… சரி, கையில எம்புட்டு வச்சிருக்க?

எப்சி: மொத்தம் பத்தாயிரம். அதுல ஆறு சைக்கிளுக்கு. பழசு வாங்குனா ஒரு தடவ கடையில விட்டு பிரேக்கு, செயினு, டயரு பாக்கணும், அதுக்குக் கொஞ்சம் ஒதுக்கணும். மிச்சத்துல ஹெல்மெட்டு, லைட்டு, காத்தடிக்கிற பம்பு…

செல்லக்கனி: பொறவு?

எப்சி: அம்புட்டுத்தான்.

செல்லக்கனி: நல்லா யோசிச்சுச் சொல்லு. வேற ஒண்ணும் வாங்க வேண்டாமா?

எப்சி: வேற என்ன?

செல்லக்கனி: பூட்டு?

எப்சி: பூட்டா…

செல்லக்கனி: ஏன் மொகம் மாறுது?

எப்சி: ஒண்ணுமில்ல. வெயிலு… குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாரீங்களாக்கா?

செல்லக்கனி: தாரேன். அதுக்குள்ள ஏறி மிதிச்சுட்டுப் போயிராத. கேட்டச் சாத்திட்டுத்தான் உள்ள போவேன்.

எப்சி: அது சரி! நான் ஓடிருவேன்னு ஒங்களுக்குப் பயமா?

செல்லக்கனி: யாரு மூஞ்சியில என்ன எழுதியிருக்கு…

எப்சி: ஹலோ… இம்மானுவேல் அண்ணே… கத்தாத. அவ தண்ணி எடுக்க உள்ள போயிருக்கா. என் சைக்கிள்தான்.

இம்மானுவேல்: நல்லாப் பாத்தியா? நீலக் கலர்ல ஊருக்குள்ள எம்புட்டோ ஓடுது.

எப்சி: அய்யனார் கோயில் ரோட்டுல விழுந்தேன்லா, வலது கைப்பிடியில அந்தத் தேய்மானம் அப்படியே இருக்கு. ஏலச்சீட்டு போட்டு வாங்குனதுண்ணே, எனக்குத் தெரியாதா?

இம்மானுவேல்: அப்ப நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். இந்த டீக்கடைக்கு எதுத்தாப்புலதான் இருக்கு.

எப்சி: சீட்டுக்கு அடியில குருத்தோலைச் சிலுவை கட்டியிருந்தேன். அதக் காணோம்ணே. பிச்சு எறிஞ்சிருக்கா.

இம்மானுவேல்: பாத்தியா! கைகாரி.

எப்சி: ஆளப் பாத்தா அப்படித் தெரியலண்ணே. ஆனா வாயத் தொறந்தாப் பொய்யி. அண்ணன் மகனாம், கோயம்புத்தூராம்… பூட்டு வாங்கலியான்னு வேற கேக்கா. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

இம்மானுவேல்: அதுல மட்டும் அவ கேட்டது நியாயம். இருந்த காசப் பூரா சைக்கிள்லயே கொண்டு போட்ட. ஒரு பூட்டு வாங்காம வாசல்ல சாத்தி வச்ச.

எப்சி: அடுத்த சம்பளத்துல வாங்கலாம்னு இருந்தேன்… அம்மா ஏசுறது பத்தாதுன்னு நீயும் ஆரம்பிச்சிட்டியா? வச்சிடுறேன், வாரா, வாரா.

செல்லக்கனி: இந்தா தண்ணி. யாருகிட்ட பேசுன?

எப்சி: எங்க அண்ணன்ட்ட.

செல்லக்கனி: எங்க நிக்கான்?

எப்சி: ராஜபாளையத்துல.

செல்லக்கனி: ராஜபாளையத்துல நிக்கிறவன்ட்ட எதுக்குக் குசுகுசுன்னு பேசணும்? சத்தமாப் பேசுனாத்தான அவனுக்குக் கேக்கும்?

எப்சி: ஒங்க வீட்டுக்காரர் எங்கக்கா?

செல்லக்கனி: அவிய வேலைக்குப் போயிருக்காவ.

எப்சி: எங்க வேல?

செல்லக்கனி: நூல் மில்லுல.

எப்சி: எந்த ஊரு மில்லு?

செல்லக்கனி: ராஜபாளையம்…

எப்சி: ஓஹோ.

செல்லக்கனி: என்ன ஓஹோ?

எப்சி: நீங்க சொன்னீங்கள்ல, அதே ஓஹோதான். உள்ள யாரோ இருமுறாப்புல இருக்கே?

செல்லக்கனி: டிவி.

எப்சி: டிவியில இருமல் மட்டுமா வருது?

செல்லக்கனி: அத விடு. கடைசியா ஒண்ணு கேக்கேன், யோசிச்சுப் பதில் சொல்லு. இந்தச் சைக்கிள்ல ஒரு சாமான் கொறையுது. என்னது?

எப்சி: விக்கிறவ கேக்குற கேள்வியா இது?

செல்லக்கனி: காலையில வந்தவுகட்டயும் கேட்டேன். ஒருத்தன் பெல்லுங்கான். ஒருத்தன் மட்கார்டுங்கான். இன்னொருத்தன் கேரியருங்கான்…

எப்சி: போதும்க்கா. இந்த நாடகமெல்லாம் போதும். இது என் சைக்கிளு. என் வாசல்ல இருந்து போனது. இத வச்சுத்தான் வெள்ளன எந்திரிச்சு மலையடிவாரம் வரைக்கும் போய்ட்டு வந்தேன். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டு காசுல சைக்கிளுன்னு எங்கம்மா ஏசுனதையும் தாங்கிக்கிட்டுத்தான் வாங்குனேன். எங்கண்ணன் ராஜபாளையத்துல இல்ல, இந்த ஊரு போலீஸ் ஸ்டேஷன் எதுக்க நிக்கான். சீட்டுக்கு அடியில கட்டியிருந்த குருத்தோலைச் சிலுவைய எங்க தூக்கி எறிஞ்சீங்க? அத மட்டும் சொல்லுங்க.

செல்லக்கனி: அப்பாடா… வந்துட்டியா தாயி!

எப்சி: என்னது?

செல்லக்கனி: எறியலம்மா. அடுத்தவுக சாமிய எறிவேனா? அந்தா பாரு, ஜன்னல் வழியாப் பாரு… முருகன் படத்துக்குப் பக்கத்துல. அதச் சொல்லிக் கேக்கிறவுக கையிலதான் இந்தச் சைக்கிளக் குடுக்கணும்னு இருந்தேன்.

எப்சி: அப்ப… இது விக்கிறதுக்கு இல்லியா?

செல்லக்கனி: அடுத்தவ பொருள நான் எப்படி விக்க? சும்மா கெடந்துச்சுன்னு போட்டா ஊருல பாதிப் பேரு என்னுதுன்னு வந்து நிப்பான். வெலைய எறக்கிப் போட்டா, பறிகொடுத்தவ போட்டோவப் பாத்துட்டுப் பதறி அடிச்சு வருவான்னு நெனச்சேன்.

எப்சி: போலீஸ்ல கொண்டு ஒப்படைக்க வேண்டியதுதான?

செல்லக்கனி: எடுத்தது யாருன்னு கேப்பாவள்ல…

எப்சி: யாரு?

செல்லக்கனி: இருமுனது டிவி இல்ல. எங்க வீட்டுக்காரவிய. சமுத்திரம்னு பேரு.

எப்சி: ஒங்க வீட்டுக்காரரா? கூப்பிடுங்க வெளிய. மூஞ்சியப் பாத்து நாலு வார்த்த கேக்கணும்.

செல்லக்கனி: வர மாட்டாவ. நீ வந்ததுல இருந்து கதவுக்குப் பின்னால பதுங்கிக்கிட்டு இருக்காவ. திருடணும்னு எடுக்கல தாயி. அன்னிக்கு மில்லுல போனஸு. நல்லாக் குடிச்சிருக்காவ. கடைசி பஸ்ஸும் போயிருச்சு. ஒரு வாசல்ல பூட்டில்லாம இது நின்னுச்சாம். ஏறி மிதிச்சு வீடு வந்து சேந்துட்டாவ. விடிஞ்சு எந்திரிச்சு, இது யாரு சைக்கிளுன்னு என்ட்ட கேக்காவ!

எப்சி: மறுநாளே கொண்டு வந்து வச்சிருக்கலாம்ல?

செல்லக்கனி: எங்க வைக்க? எந்தத் தெரு, யாரு வீடு… ஒண்ணும் ஞாபகமில்ல. லீவு நாளெல்லாம் நானும் அவியளும் ராஜபாளையத்துல தெருத் தெருவா நடந்தோம். எல்லா வாசலும் ஒண்ணு போல இருக்குங்காவ. யாருட்டப் போயி, ஒங்க வீட்டுல சைக்கிள் காணாமப் போச்சான்னு கேக்க?

எப்சி: எங்கண்ணன் இந்நேரம் ஸ்டேஷனுக்குள்ள போயிருப்பான்க்கா.

செல்லக்கனி: போலீச வரச் சொல்லு. நான் தடுக்கல. தப்பு தப்புதான். என்ன, மக காலேஜுல படிக்கா… அவ வாரதுக்கு முன்னால இவியளக் கூட்டிட்டுப் போகச் சொல்லு.

எப்சி: அண்ணே, எங்க நிக்க?

இம்மானுவேல்: ஸ்டேஷன் வாசல்ல. உள்ள போகப் போறேன்.

எப்சி: போகாத.

இம்மானுவேல்: ஏன்? சைக்கிள் உன்னுது இல்லியா?

எப்சி: என்னுதுதான். கெடைச்சிருச்சு. நீ பஸ்ல போ, நான் மிதிச்சுட்டு வாரேன்.

இம்மானுவேல்: ஏட்டி, காசு கீசு குடுத்துத் தொலைச்சியா? அந்தப் பொம்பளைய சும்மா விடக் கூடாது! எடுத்தது யாராம்?

எப்சி: தெரியலண்ணே… யாரோ வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்களாம்.

செல்லக்கனி: ஏன் தாயி பொய் சொன்ன?

எப்சி: ஒங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசுனேன்லா, ஒட்டிக்கிச்சு. கேட்டத் தொறங்கக்கா. அந்தச் சிலுவையத் தாங்க.

செல்லக்கனி: தாரேன். இந்தா, இதையும் புடி.

எப்சி: என்னது… பூட்டா?

செல்லக்கனி: ஒன் சைக்கிளுக்குத்தான் வாங்கி வச்சேன். ரெண்டு சாவியும் இருக்கு, எண்ணிப் பாத்துக்கோ. எங்க வீட்டுக்காரவியளுக்கு இன்னிக்குச் சம்பளம், மத்தியானம் மில்லுக்குப் போவாவ… கடைசி பஸ்ஸ மறுபடியும் விட்டாலும் விடுவாவ, வாசல்ல நல்லாப் பூட்டி வையி.