சம்மந்தியம்மா அவுத்த முடிச்சு

அவுத்துக்கினு பூட்டாங்க தங்கச்சி! எம் முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன். நான் கண்ண மூடி ஜெபம் பண்றப்போ சத்தமில்லாம அவுத்துக்கினு... அந்தோணியாரே, இது நாயமா?

யாரா? எம் பொண்ணு ஃப்ளோரன்ஸோட மாமியாரு, ரோஸ்மேரியம்மா. தூத்துக்குடிக்காரங்க. ராத்திரி ஏழு மணிக்கு எழும்பூர்ல ரயிலு, அதுக்குள்ள பட்டணத்தச் சுத்திக் காட்டுங்கன்னாங்க. காலீலயே ராயபுரத்துல டிராம் ஏறிட்டோம். ஹார்பரக் காட்டினேன். "எங்கூர்லயும் கப்பல் நிக்கி மதினி"ன்னாங்க. சரி. ஐகோர்ட்டு மேல லைட்டவுசு வெளக்கக் காட்டினேன். "கழுத்து வலிக்கி"ன்னாங்க. சரி! செத்த காலேஜு, அதான் மியூசியத்துக்கு இட்டுக்கினு போயி திமிங்கலத்து எலும்பக் காட்டினா, "பாவம், இம்புட்டு மெலிஞ்சுட்டே"ன்னாங்க!

நீ ஏன் தங்கச்சி எழுந்துக்கற? ஒக்காரு, ஆசீர்வாதம் இன்னும் ஆவல.

மூர் மார்க்கெட்டுல ரெண்டு வாட்டி தொலஞ்சாங்க. ஒரு வாட்டி கிளிக் கூண்டாண்ட, ஒரு வாட்டி பீங்கான் கடையாண்ட. அதான் இங்க கோயில்ல உஷாராயிட்டேன். செவ்வாக்கெழம, அந்தோணியாரு நாளாச்சே, வாசல்ல அந்தத் தள்ளு தள்றாங்க. உள்ள வந்து ஒக்காந்ததும் பக்கத்துல தடவி, அவங்க முந்தானைய எடுத்து என்துல முடிஞ்சேன். கண்ணத் தொறக்கல. ஜெபமால ஆரம்பிச்சுட்டேனில்ல? நடுவுல கண்ணத் தொறந்தா வேண்டுதல் பலிக்காதுன்னு எனுக்கொரு பயம். அம்பத்து மூணு மணியும் உருட்டி முடிச்சுக் கண்ணத் தொறந்தா... நீ கீற. அவங்க இல்ல!

ரயிலு பூட்டா? மாப்ள இன்னா சொல்லுவாரு? "எங்கம்மாவ ஒரு நாளு பாத்துக்க ஒங்கம்மாவுக்குத் துப்பில்ல"ன்னு எம் பொண்ணத்தான பேசுவாங்க? அவ அந்த வூட்லதான வாழணும்!

அட, மறுபடியும் எழுந்துக்கற. இன்னா, இழுக்குதா? எது இழுக்குது? கீழ இன்னாத்தக் காட்ற...

ஏசுவே! இது ஒன் முந்தானையா?

அப்ப அவங்க அவுக்கவே இல்லியா! நான் அவங்களக் கட்டவே... தோ, தோ, மெழுவத்தி ஏத்தற எடத்தாண்ட பாரு! அந்தோணியாரு சுரூபத்துக் கால புடிச்சுக்கினு, "எம் மதினியக் காணும், கண்டுபிடிச்சுத் தாரும் சாமி"ன்னு அழுவறாங்க! மதினி! தோ கீறேன்!

ஐயோ, நேரமாச்சே. முடிச்சு அவுக்க வர்லியே... நல்லா இறுக்கிட்டேன் போல. ஒனுக்கு ஒண்ணும் வேல இல்லியே? எழுந்திரு தங்கச்சி. எழும்பூர் வரைக்கும் சேந்தே போய்ட்டு வந்துருவோம்.