விசைக்கு ஒரு நியாயமான விமர்சனம்

புதுச் செருப்பு முதல் வாரம் கடிக்கத்தான் செய்யும். குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நடக்கிறோம். அடுத்த வாரம் காலில் செருப்பு இருப்பதே மறந்துபோகிறது. கடித்துவிட்டதென்று யாரும் செருப்புக் கடை வாசலில் நின்று வீடியோ எடுப்பதில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான் மேடம். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வந்தது.

முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் திருவேங்கடம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி. நாங்கள் செய்த போனின் பெயர் 'விசை'. திரைக்குக் கீழே நிஜமான பொத்தான்கள் இருக்கும். அழுத்தினால் உள்ளே போய் மேலே வரும். அந்தக் கீபோர்டு முழுக்க என் வேலை. வக்கீல்கள், ஆடிட்டர்கள், நாள் முழுக்க மெயில் எழுதிக்கொண்டிருப்பவர்கள், இவர்களுக்காகச் செய்த போன் அது. பெட்டியின் மேலேயே அப்படித்தான் அச்சிட்டிருந்தோம்.

விமர்சகர்கள் பெட்டியைப் படிப்பதில்லை. ஒருவர் அதில் சினிமா பார்த்துவிட்டு, கதாநாயகியின் நெற்றியைக் காணோம் என்றார். இன்னொருவர் மொட்டை மாடியில் இருட்டில் நாயைப் படம் பிடித்துவிட்டு, இதில் நாய் எங்கே என்று ரசிகர்களைக் கேட்டார். வக்கீல் எதற்கு இருட்டில் நாயைப் படம் எடுக்கப்போகிறார்? கீபோர்டைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே வரியை எழுதினார்கள்: பழகக் கொஞ்ச நாளாகும். நாளாகும் என்று தெரிகிறதல்லவா, அந்த நாளை யாராவது கொடுத்தார்களா? பெட்டியைப் பிரித்ததும் ஒரே சாயங்காலம், தீர்ப்பு சொன்னதும் அதே சாயங்காலம்.

போனை வெளியிடுவதற்கு முன்னால் நாங்கள் அப்படி அவசரப்படவில்லை. அசெம்பிளியில் வேலை செய்த பெண்களுக்கு ஆளுக்கொரு போன் கொடுத்து, ரெண்டு வாரம் இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னேன். மேனாம்பேட்டிலிருந்து வரும் அனுசுயா என்ற பெண், "மொதல்ல கட்டவெரலு வலிச்சிது சார், இப்ப சூப்பரா கீது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு அவர் வேலையை விட்டுப் போகிற அன்று போனைத் திருப்பிக் கொடுத்தபோது, திரையின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்.

ரோஷினியின் விஷயத்துக்கு வருகிறேன். பூந்தமல்லியில் ஒரு ஃபிளாட்டிலிருந்து தமிழில் போன் விமர்சனம் செய்பவர். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். மற்றவர்களைவிட அவர் மேல் என்று நான் இப்போதும் சொல்வேன். விசையை அவர் ஒரு வாரக் கடைசி முழுக்கக் கையில் வைத்திருந்தார். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டார். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். வீடியோ முடிகிற இடத்தில் போனைத் தூக்கிக் காட்டி, "இது போனே இல்லீங்க. பஸ் கண்டக்டர் கையில இருக்குமே டிக்கெட் மெஷின், அது" என்று சொல்லி, இல்லாத ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கேமராவுக்கு நீட்டினார்.

மறுநாள் தொழிற்பேட்டை வாசலில் டீக்கடை ஆனந்தன் கிளாஸை என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அண்ணாத்தே, ஆவடி ஒண்ணு குடு. சில்லறையாவே கீது" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. லிஃப்டில் ஏறினால் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பார்கள். என் தங்கை மகன் கல்யாணத்தில் மணமேடையில் வைத்தே ஒருவர் பாஸ் செல்லுமா என்று கேட்டார்.

அந்த வீடியோவைப் பார்த்த பிறகு, எங்களிடம் மொத்தமாக வாங்க இருந்த ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. அசெம்பிளியை மூடினார்கள். அடுத்த மாடலைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், "கீபோர்டு வேணாம் சார், நாமளும் எல்லாரையும் மாதிரியே பண்ணிடலாம்" என்றார். என் வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. யாராவது ஒரே ஒருவர், நம்பகமான ஒருவர், சரியாகப் பழகிப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னால் போதும் என்று அப்போது தோன்றியது. இது அநியாயமான ஆசையா?

ரோஷினியே அந்த வீடியோவில், அப்டேட் வந்தால் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அதனால் அப்டேட் வந்திருக்கிறது என்று மெயில் போட்டேன். வெளியீட்டு நாள் வரைக்கும் எங்கே, எந்த போன் என்று வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று எழுதினேன். இந்தத் தொழிலில் அது சாதாரண நிபந்தனை. எல்லாக் கம்பெனியும் கேட்பதுதான். அவர் அதைக் கடைசிவரை மீறவில்லை. நேர்மையான பெண்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் எனக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது, மூன்றாவது மாடி. வாடகைக்கு விடலாமென்று வாங்கியது. அந்தக் கட்டடத்தில் இன்னும் பாதி வீடுகள் விலைபோகவில்லை. சோதனைக்கு அங்கேதான் வரச் சொல்லியிருந்தேன். உள்ளே வந்ததும் ரோஷினி ஜன்னலருகே போய் ஏரியைப் பார்த்துவிட்டு, வ்யூ நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அந்த டிக்கெட் மெஷின் மேட்டர்ல கோவம் ஒண்ணும் இல்லியே சார்? சும்மா ஜாலிக்குச் சொன்னதுதான்" என்றார். இல்லை என்றேன். சோதனை நேரத்தில் பழைய போன் பக்கத்தில் இருந்தால் விரல் அங்கேயே ஓடும், அதைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கதவைப் பூட்டினேன். அவராகக் கொடுத்த பிறகு. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முறை ரொம்ப எளிமையானது. அறைக்குள் அவரும் ஒரு விசையும் மட்டும். இணையத்தை நிறுத்தியிருந்தேன், அழைப்புகளையும் நிறுத்தியிருந்தேன். அழைப்பதற்குக் கீபோர்டு தேவையில்லையே. டைப் செய்தால் என் போனுக்கு மட்டும் செய்தி வரும். இட்லி என்று டைப் செய்தால் இட்லி வரும். சோப்பு என்றால் சோப்பு. முதல் ராத்திரி நெடுநேரம் கத்தினார். கத்தலுக்கு நான் எதுவும் செய்யவில்லை; அவர் என்ன சொல்கிறார் என்பதை டைப் செய்தால்தான் தெரியும் என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து விளக்கினேன். போனைச் சுவரில் எறிந்து உடைத்தார். வேறொன்று கொடுத்தேன். எங்கள் கிடங்கில் விசைக்குப் பஞ்சமே இல்லை.

ஒருநாள் முழுக்க எதுவுமே வரவில்லை. பசியில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் மத்தியானம் 'தண்ணி' என்று வந்தது. வேகமாக டைப் செய்தால் வேகமாக வரும் என்று பதில் அனுப்பினேன். மறுபடியும் தண்ணி, தண்ணி என்று வந்தது. முன்னைவிட வேகமாக. வேகம் கூடுவது அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.

நகங்களைப் பற்றிக் கேட்டீர்கள். விமர்சனத்தில் பொத்தான்கள் நகத்தில் இடறுகின்றன என்று ஒரு குறை சொல்லியிருந்தார். நீள நகம் வைத்திருந்தார், ரோஜா நிறம். அதை நான்தான் வெட்டினேன். கையை அசைத்துக்கொண்டே இருந்ததால் முழங்காலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு விரலில் கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. ஆனால் அதன் பிறகு அவர் டைப் செய்ததைப் பார்க்க வேண்டும் நீங்கள். அந்தக் குறையைச் சொல்ல இனி அவருக்குக் காரணமே இருக்கவில்லை.

அவர் கணவர் நிர்மல் கவலைப்படக்கூடாதென்று, ரோஷினியின் பழைய போனிலிருந்து தினமும் நானே பதில் அனுப்பிவந்தேன். கோயம்புத்தூரில் படப்பிடிப்பு, பேச முடியவில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்று. நிறுத்தக்குறியெல்லாம் வைத்து மரியாதையாகத்தான் எழுதினேன். அதிலேதான் முதலில் சந்தேகம் வந்தது என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். "யோவ், அந்தப் பொண்ணு கட்டிகினதுலேர்ந்து புருசனுக்கு ஒரு வரி டைப் அடிச்சதில்லியாம். எல்லாமே வாய்ஸ் நோட்டுதானாம். நீ இன்னாடான்னா பக்கம் பக்கமா எழுதிகினு கீற" என்று. நிர்மல் ரெண்டாவது நாளே பூந்தமல்லி ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டாராம். எனக்கு இதில் புரியாதது ஒன்றுதான். சொந்தக் கணவருக்கே டைப் செய்யாத ஒருவர் கீபோர்டுக்கு எந்த முகத்தோடு மதிப்பெண் போட்டார்?

கடைசியில் அவரே புது விமர்சனம் எழுதித் தருவதாகச் செய்தி அனுப்பினார். நான் கேட்கவில்லை. எழுதி முடித்தால் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார், போகலாம் என்றேன். விசையிலேயே எழுதினார். பொத்தான்களின் அழுத்தம், இடைவெளி, எல்லாவற்றையும் எழுதியிருந்தார். ஐந்துக்கு நாலரை. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வெளியிடுவதும் அந்த போனிலிருந்தே நடக்க வேண்டும் என்பதற்காக இணையத்தைத் திறந்துவிட்டு, அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். விமர்சனம் வெளியானது.

அவர் போனை உடனே திருப்பித் தரவில்லை. கையைத் துப்பட்டாவுக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு, "ஒவ்வொரு கீ நடுவுலயும் சின்னதா ஒரு மேடு வச்சிருக்கீங்களே சார், அது எதுக்கு?" என்று கேட்டார்.

மேடம், இத்தனை வருஷத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. முதலாளி கேட்டதில்லை. ஒரு விமர்சகர்கூடக் கேட்டதில்லை. அந்த மேட்டின் உயரத்துக்காக எத்தனை அச்சுகளை உடைத்துப் போட்டேன் என்பதைச் சொன்னேன். குனிந்து பார்க்காமலே கட்டைவிரலுக்கு இடம் தெரிய வேண்டும், கண் எதிரே இருப்பவரின் முகத்தில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் என்றேன். அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அப்படியா சார் என்றார். அப்புறம் என்றார். நானும் பேசிக்கொண்டே போனேன்.

அந்த நேரத்தில் துப்பட்டாவுக்கு அடியில் அவர் நிர்மலுக்கு அனுப்பியதை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். பருத்திப்பட்டு ஏரி பக்கம், மூணாவது மாடி, பூட்டி வச்சிருக்கான், சீக்கிரம் வா. என்னை ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு வருத்தம் வரும் என நினைத்தீர்கள். ஒரு தடவைகூடக் குனியவில்லை மேடம். இதைவிட நல்ல செயல்விளக்கத்தை நானே செய்து காட்டியிருக்க முடியாது.

நிர்மல் உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு உங்கள் ஜீப்புக்கு முன்னால் பைக்கில் வந்துவிட்டார். நான் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். "ரோஷினி எங்கடா?" என்றார். வேலை முடிந்துவிட்டது, வாசகர்களின் பின்னூட்டங்களுக்குப் பதில் எழுதிவிட்டு நாளைக்கு வருவார் என்று சொன்னேன். ஒரு கையால் என் சட்டையைப் பிடித்தார். இன்னொரு கையில் போன் இருந்தது. நான் ரெண்டு கையாலும் தள்ளினேன். பின்னால் படிக்கட்டு இருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பக்கம் தள்ளினேன். விழும்போது அவர் கைப்பிடியைப் பிடித்திருக்கலாம். போனை விட மனசில்லை அவருக்கு.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூச்சு இருந்தது. நீங்கள் வருகிறவரைக்கும் இருந்திருக்கும் போல. யாருக்கும் சொல்லவில்லை, ஆம்புலன்சையும் கூப்பிடவில்லை. பின்னூட்டங்கள் வர ஆரம்பித்திருந்தன. படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். முதல் பின்னூட்டமே 'எவ்ளோ வாங்குனீங்க அக்கா' என்று இருந்தது. அதற்குக் கீழே எண்பது பேர் சிரித்திருந்தார்கள். எனக்கு மனசே விட்டுப்போய்விட்டது. அவருக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. இந்த ஊரில் ஒருவர் உண்மையை எழுதினால்கூட விலைபோய்விட்டார் என்கிறார்கள். நிர்மல் என்னவோ சொல்ல முயன்றார். எனக்கு அப்போது காதில் எதுவும் ஏறவில்லை.

ரோஷினியைக் கடத்தி அடைத்து வைத்தது நான். நிர்மலைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும். அந்த விமர்சனம் இன்னும் அவருடைய இணையப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். நீக்கவில்லை. நான் உள்ளே இருக்கிறேன், யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, இருந்தும் நீக்கவில்லை என்றால் அதற்கு ஒரு அர்த்தம்தானே இருக்க முடியும்?

நீங்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தீர்கள். "எப்டிய்யா எடுக்கும்? ஆஸ்பத்திரில படுத்துகினு கீது. எந்த போனக் காட்னாலும் கைய போர்வைக்குள்ள இழுத்துக்குது. பெத்த அம்மா போனக்கூடத் தொட மாட்டேங்குது" என்றீர்கள்.

எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை மேடம். விசையில் ஒருமுறை பழகிவிட்ட விரல் அப்புறம் கண்ணாடித் திரையைத் தொடாது.