மூணு விரக்கடை

மழை பேஞ்சா நான் பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான் படுப்பேன். சில பேருக்கு சாக்ஸ் இல்லாம தூக்கம் வராது, எனக்கு இது. நீ பயப்படாத ஜோசி. இது மலை மேல இருக்கிற வீடு, இங்க தண்ணி வராது.

தூங்கிட்டியா? மூச்சு சீரா வருது. தூங்கிட்ட. அப்ப சரி.

உங்கப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் இருக்கிற அன்னிக்கெல்லாம் நீ எங்க வீட்லதான், என் அடுக்குக் கட்டிலோட கீழ்த்தட்டுல. உனக்கு ஆறு வயசு, எனக்குப் பதினாறு. நாளைக்கு டவுன்ல, நிலம் அளக்கற வர்ஜில் மாமா மேல விசாரணை. என்னையும் கூப்பிட்டிருக்காங்க. சத்தியம் பண்ணிட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி உள்ளதை யார்கிட்டயாவது சொல்லிப் பாக்கணும்னு தோணுச்சு. அம்மாகிட்ட சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க. பாஸ்டர்கிட்ட சொன்னா அதை வெச்சு இன்னொரு பிரசங்கம் பண்ணுவார். நீதான் சரி.

உன் மஞ்சள் ரூம் இருந்துச்சே, அது மொதல்ல என் ரூம். ஓடையோரம் அந்த வீட்லதான் நான் வளந்தேன். இங்க சுரங்கத்தை மூடினதும் வேலை தேடி வயோமிங் போன அப்பா, திரும்பி வரல. அவரோட பூட்ஸ் மட்டும் பின்கதவுகிட்ட கிடந்துச்சு.

எனக்கு ஒன்பது வயசுல ஓடை வீட்டுக்குள்ள வந்துச்சு. அம்மா என்னைத் தூக்கி, துணி அலமாரியோட மேல்தட்டுல உக்கார வெச்சாங்க. அவங்க விடியற வரைக்கும் கீழ முழங்கால் தண்ணியில நின்னாங்க. என் கட்டில் மிதந்து போய் கதவுல இடிச்சு இடிச்சு நின்னதை மேல இருந்து பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம் மழைன்னா தூக்கம் கிடையாது. இதை ஏன் சொல்றேன்னா, நான் யாருக்கும் கெடுதல் நினைக்கலன்னு உனக்குத் தெரியணும். எனக்கு அந்த ஓடையை விட்டுப் போகணும். அவ்வளவுதான் நினைச்சேன்.

வீட்டை வித்தாதான் போக முடியும். மேப்பால விக்க முடியல. உனக்கு மேப் பத்தித் தெரியாது. ஊர் முழுக்க வரைஞ்சு, வெள்ளம் வரும்னு கவர்மெண்ட் நினைக்கிற இடத்துக்கெல்லாம் நீலம் பூசி வெச்சிருப்பாங்க. வீடு நீலத்துக்குள்ள இருந்தா, வெள்ள இன்சூரன்ஸ் எடுத்தாதான் வாங்கறவங்களுக்கு பேங்க் கடன் குடுக்கும். அதைக் கட்டற வசதி இருக்கிறவங்க கென்டக்கியில எங்க பக்கம் ஏன் வீடு பாக்க வர்றாங்க? ரெண்டு குடும்பம் வந்துச்சு. அம்மா சுட்ட பிஸ்கட் ரொட்டியையும் கிரேவியையும் நல்லா சாப்பிட்டாங்க, நீலம்னு தெரிஞ்சதும் போயிட்டாங்க.

"இனி இந்த வீட்டை வாங்க மீனுதான் வரணும்"னு அம்மா சிரிச்சாங்க. அப்புறம் பாத்ரூமுக்குள்ள போய் குழாயைத் திறந்து விட்டுட்டு ரொம்ப நேரம் வெளிய வரல.

ஆனா நீலத்தை மாத்தச் சொல்லிக் கேக்கலாம். வீட்டுச் சுவரை ஒட்டின தரையில எந்த இடம் ரொம்பத் தாழ்வோ, அதை லைசன்ஸ் உள்ள சர்வேயர் அளக்கணும். அது கூட வெள்ள மட்டத்துக்கு மேலதான்னு அவர் கையெழுத்துப் போட்டா, 'உங்க வீடு நீலத்துல இல்ல'ன்னு மேப் ஆஃபீஸ்ல இருந்து லெட்டர் வரும். அதுக்குத்தான் வர்ஜில் மாமாவைக் கூப்பிட்டோம். எங்களுக்குச் சொந்தம் இல்ல, ஊருக்கே மாமா. இந்தப் பள்ளத்தாக்குல வேலி போட்டவங்க எல்லாரும் அவர் அளந்த கோட்டுலதான் போட்டிருக்காங்க.

அவர் வீட்டைச் சுத்தி நடந்துட்டு சமையலறைக்கு வந்து உக்காந்தார்.

"டீனா, கண்ணுக்குப் பாத்தா வெள்ள மட்டத்துக்கு மூணு விரக்கடை, மூணு விரல் அகலம், கம்மியா வரும் போல இருக்கு. கம்பு வெச்சாதான் நிச்சயமாத் தெரியும். நம்பரை மாத்தி எழுதுங்கன்னு மட்டும் கேட்டுடாத."

"நான் எப்ப மாமா அப்படிக் கேட்டேன்"னு அம்மா சொன்னாங்க. ஏற்கெனவே நிறைஞ்சிருந்த கப்புல திரும்ப காபி ஊத்தினாங்க. அது மேஜையில வழிஞ்சது. ரெண்டு பேரும் துடைக்கல.

அவர்கூட கம்பு புடிக்க வர்ற ஆளுக்கு அன்னிக்கு சிறுநீரகக் கல் வலி. அதனால என்கிட்ட குடுத்தார். அடி, அங்குலம் கோடு போட்ட நீளமான கம்பு. அவர் தூரத்துல மூணு கால் மேல வெச்ச தொலைநோக்கி வழியா அதுல இருக்கிற நம்பரைப் பாப்பார். கம்போட கீழ்முனை எவ்வளவு உசரத்துல நிக்குதோ, அதுதான் தரையோட உசரம்னு கணக்கு. ரொம்ப எளிசு. நான் ஸ்கூல்ல கணக்குல சுமார்தான், எனக்கே புரிஞ்சது.

பின் படிக்கட்டு மூலைதான் தாழ்வான இடம். அங்க லில்லிச் செடி முழங்கால் உசரத்துக்குப் புதரா இருக்கும், உள்ள நின்னா பாதம் வெளிய தெரியாது. தரை சேறா இருந்ததால நான் அப்பா பூட்ஸைப் போட்டுக்கிட்டுப் போனேன். சுரங்க பூட்ஸ், மூக்குல இரும்பு வெச்சது. இப்ப என் கால்ல இருக்கிறது இதேதான்.

"அடியே, கம்பை நேரா புடி. சனிக்கிழமை ராத்திரி உங்க தாத்தா நடப்பாரே, அது மாதிரி ஆடுது."

"காத்து மாமா."

"எனக்கு மட்டும் காத்து அடிக்கலியா? நேரா புடிடி."

நான் கம்பைத் தூக்கி பூட்ஸ் மூக்கு மேல வெச்சேன். இரும்பு இல்லியா, அசையாம நின்னுச்சு. அவர் பாத்தார். நிமிந்து கண்ணாடியைத் துடைச்சுட்டுத் திரும்பப் பாத்தார். அப்புறம் தொப்பியைக் கழட்டி ஆட்டினார். "டீனா, இங்க வா. கண்ணு என்னை ஏமாத்திடுச்சு, உன் வீடு தப்பிச்சுது"ன்னு கத்தினார். அன்னிக்கு அம்மாவை விட அவருக்குத்தான் சந்தோஷம். லெட்டர் வந்தப்ப அம்மா கேக் செஞ்சு அவர் வீட்டுக்குக் குடுத்து விட்டாங்க. அம்மாவுக்கு இப்பவும் எதுவும் தெரியாது.

விக்கறதுக்கு முன்னாடி என் ரூமுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிச்சேன். சுவத்துல பழைய தண்ணி நின்ன கோடு மங்கலா இருந்துச்சு. அந்த இடத்துல மட்டும் ரெண்டு தடவை அடிச்சேன். அப்பதான் நீங்க வந்தீங்க. உங்கப்பா ட்ராவிஸ் ஓடையைப் பாத்துட்டு, "சோபாவுல உக்காந்தே தூண்டில் போடலாம் போலிருக்கே"ன்னார். உங்கம்மா மட்டும்தான் ஒழுங்காக் கேட்டாங்க.

"இங்க தண்ணி வந்திருக்கா?"

அம்மா என்னைப் பாத்தாங்க. "ஒரு தடவை கொஞ்சம் வந்துச்சு ஷெல்பி. இப்பதான் லெட்டரே இருக்கே."

நீ அதுக்குள்ள என் ரூமுக்கு ஓடிப்போய் ஜன்னல் மேடையில ஏறி உக்காந்துட்ட. "இது எனக்கு"ன்ன. எல்லாரும் சிரிச்சோம். அந்த வீட்ல யாராவது இருந்துதானே ஆகணும். நாங்க இல்லன்னா வேற ஒருத்தர். நான் அதை அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் உன்னைப் பாத்துக்கிறதுக்கு வருவேன். அப்பதான் உனக்கு ஆந்தை விளையாட்டு சொல்லிக் குடுத்தேன். ஓடை சத்தம் பெருசாக் கேட்டா அலமாரியோட மேல்தட்டுல ஏறி ஆந்தை மாதிரி உக்காரணும். லைட் எடுத்துக்கிட்டு ஆள் வர்ற வரைக்கும் இறங்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. முக்கியமா அம்மாகிட்ட சொல்லக்கூடாது. சொன்னா விளையாட்டு செத்துடும். எப்படி ஏறணும், எந்த ஆணியில கால் வெக்கணும்னு எல்லாம் காட்டினேன். நீ சட்டுனு கத்துக்கிட்ட.

உங்கம்மாகிட்ட ஏன் மறைச்சேன்னா, குழந்தைக்கு எதுக்கு இப்படி ஒரு விளையாட்டுன்னு கேட்டிருப்பாங்க.

வெள்ளம் வந்த அன்னிக்கு ராத்திரி நான் இதே கட்டில்ல, பூட்ஸோடதான் படுத்திருந்தேன். மலை மேலயே ஓடை சத்தம் கேட்டுச்சு. போன்ல மெசேஜ் மினுங்குச்சு. உங்கம்மாதான்.

"கெல்சி, முழிச்சிருக்கியா? ஓடை கரி லாரி மாதிரி சத்தம் போடுது. இவரு வேலைக்குப் போயிட்டாரு. ஜோசியைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துடவா? நீ இங்கயே வளந்த பொண்ணு, உனக்குத்தான் தெரியும்."

'வாங்க அக்கா'ன்னு அடிச்சேன். அனுப்பல. யோசிச்சுப் பாரு. நான் வான்னு சொன்னா, லெட்டர்ல வராதுன்னு போட்டிருக்கே, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. வந்தாங்கன்னா நான் பூட்ஸ் போட்டுக்கிட்டு முழிச்சிருக்கிறதைப் பாப்பாங்க. அதனால அதை அழிச்சுட்டு வேற எழுதினேன். "அது எப்பவும் அப்படித்தான் அக்கா கத்தும். உள்ள வராது. லெட்டர் இருக்குல்ல, தூங்குங்க."

"சரிடா கண்ணு. உன்னை எழுப்பிட்டேன், மன்னிச்சுக்கோ." கூடவே ஒரு சிரிப்பு பொம்மை.

அந்த மெசேஜையெல்லாம் நான் அழிச்சுட்டேன். அவங்க போன் தண்ணியோட போயிடுச்சு.

விடிஞ்சதும் படகுல வந்தவங்க டார்ச் அடிச்சுப் பாத்தப்ப நீ மேல்தட்டுல முட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தியாம். தண்ணி அந்தப் பலகை வரைக்கும் வந்து நின்னிருந்துச்சு. "நீங்கதான் லைட் ஆளா?"ன்னு கேட்டியாம். படகுக்காரர் இதைச் சொல்லும்போது அழுதார். சர்ச்சுல பாஸ்டர் என்னை எழுந்து நிக்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. உங்கப்பா என் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. நான் இல்லன்னா நீ இல்லன்னு அவர்தான் சொன்னார். அது உண்மைதானே.

உங்கம்மாவைப் பாலத்துக்குக் கீழ கண்டுபிடிச்சாங்க. அவங்க ட்ரக் மேட்டு ரோட்டுல இருந்துச்சு, என்ஜின் ஓடிக்கிட்டு, லைட் எரிஞ்சுக்கிட்டு. அவ்வளவு தூரம் போனவங்க ஏன் திரும்ப வீட்டுக்குள்ள போனாங்கன்னு ஊரே கேக்குது. உனக்கும் எனக்கும்தான் தெரியும். நீதானே இதே கட்டில்ல படுத்துக்கிட்டுச் சொன்ன, "அம்மா ரூம் ரூமா என் பேரைக் கூப்பிட்டாங்க கெல்சி அக்கா, கட்டிலுக்கு அடியிலயெல்லாம் தேடினாங்க, நான் சத்தமே போடல"ன்னு.

நான் உன்னை சமத்துன்னு சொன்னேன்.

தண்ணி வடிஞ்சதும் வர்ஜில் மாமா தனியாப் போய் அந்த மூலையைத் திரும்ப அளந்திருக்கார். மூணு விரக்கடை கம்மி. எங்க வாசலுக்கு வந்து தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னார்.

"கெல்சி, நீ தரையிலதானேடி வெச்ச?"

"தரையிலதான் மாமா."

"அதானே. நீ என்ன பண்ணுவ. என் கண்ணுதான் போயிருக்கு." அவர் கண்ணாடியைக் கழட்டி, யாரோடதோ மாதிரி பாத்தார்.

அவரே போய் ஆஃபீஸ்ல தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டார். இப்ப ஊர் ஆளுங்க உக்காந்து காபி குடிக்கிற நம்ம பெட்ரோல் பங்க் கடையில அவர் உக்காந்தா பக்கத்துல இருக்கிறவங்க காபியை எடுத்துக்கிட்டு எழுந்துடறாங்க. உங்கப்பா அவர் ட்ரக் கண்ணாடியில காறித் துப்பினதை நீயும் பாத்த. உங்கப்பா மேல தப்பு சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸ் இல்ல, வீடும் இல்ல, வீட்டுக் கடனை மட்டும் இன்னும் கட்டறார். அந்த நைட் ஷிஃப்டே அதுக்குத்தான்.

ஆனா ஒண்ணு நினைச்சுப் பாரு ஜோசி. தண்ணி வந்தது கதவு உசரத்துக்கு. நான் கூட்டினது மூணு விரக்கடை. மூணு விரக்கடை தண்ணியில யாரும் மூழ்க மாட்டாங்க. உன் கணுக்கால் கூட நனையாது. இதை நான் ரொம்ப யோசிச்சுட்டேன், எப்படிப் பாத்தாலும் கணக்கு அப்படித்தான் வருது.

சரி. ஒருத்தர்கிட்ட முழுசா சொல்லியாச்சு. கம்பை பூட்ஸ் மேல வெச்சது நான், வராதுன்னு எழுதினதும் நான். ஒரு தடவை சொன்னா போதும்ல, எங்க சொன்னா என்ன. நாளைக்கு அவங்க கேட்டா தரையிலதான் வெச்சேன்னு சொல்லிடுவேன். வர்ஜில் மாமாவுக்கு வயசாயிடுச்சு, எப்படியும் விடப்போற வேலைதான்.

மழை வலுக்குது. போர்வையை இழுத்துப் போத்திக்கோ.

என்ன?

எப்ப முழிச்ச நீ?

அம்மாவுக்கு ஏன் அந்த விளையாட்டைச் சொல்லித் தரலன்னா கேக்கிற. அந்தத் தட்டுல ஒருத்தருக்குத்தான் இடம், கண்ணு. அதான்.

அழாத. இங்க பாரு, நீ ஆந்தைல்ல. ரூல் ஞாபகம் இருக்குல்ல? லைட் வர்ற வரைக்கும் சத்தம் போடக்கூடாது. இந்தத் தடவை லைட் வந்தப்புறமும்.