சபைக்குப் பழைய ருசி

இல்ல அண்ணாச்சி, இது குடியில சேத்தி இல்ல. இது கோயில் வேல. ஆமா, நாலு கிளாசுதான். ஒண்ணுலயும் ஒரு வாய்க்கு மேல எடுக்கல, பாருங்க, அப்படியே நிக்கு. எச்சின்னு பாக்கலன்னா மிச்சத்த நீங்க குடிங்க.

என் பேரு எஸ்றா. சாத்தான்குளத்துப் பக்கம். எங்க கோயில்ல மணியடிக்கது, வெளக்குத் தொடைக்கது, பாய் விரிக்கது எல்லாம் நாந்தான். நீங்க திருநீறு பூசிருக்கிய, அதனால வெவரமாச் சொல்லுதேன். எங்களுக்கு மாசத்துல ஒரு நாள் திராட்ச ரசம் குடுப்பாவ. ஐயரு வெள்ளிக் கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு வரிசையா வருவாரு, ஆளுக்கு ஒரு மடக்கு. ஆமா, எல்லாருக்கும் ஒரே கிண்ணம்தான். ஐயருன்னா உங்க ஐயரு இல்ல, எங்க பாதிரியாரு. அந்த ரசப் போத்தலுக்கு நாந்தான் பொறுப்பு. அலமாரிச் சாவி எம் மடியிலதான் கெடக்கும்.

இந்தா, இந்த மொதக் கிளாசு போர்தோவாம். கடக்காரரு பர்னாந்து சொல்லுதாரு, பிரான்சுல அது ஒரு சீமையாம், நமக்கு நாங்குநேரித் தாலுகா மாதிரி. ஊருக்கு ஊரு ரசம் வேறயாம். கருப்பட்டிக்கு உடங்குடி, வேம்பார்னு இருக்குல்லா, அது மாதிரின்னு இப்ப நீங்களே சொன்னிய. எல்லாம் கப்பல்காரன் குடிக்க சல்லிசு ரகம்தான். சபை தாங்கணும்லா. போர்தோ நாவப்பழம் தின்னாப்ல நாக்க இழுக்கு. ரெண்டாவது அதே பிரான்சுல தெக்குப் பக்கத்துச் சரக்காம், பேரு வாயில நுழையல, ஈரச் சாக்க மோந்தாப்ல இருக்கு. மூணாவது ரோன்னு ஒரு ஆத்தங்கரையில வெளஞ்சதாம். நம்ம ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து நெல்லு மாதிரி இருக்கும்னு நம்பித்தான் வாங்குனேன். தொண்டையில காருது. நாலாவது வெள்ள. வெள்ளையக் கொண்டு போயி நான் என்ன செய்ய? ஆண்டவரு ரத்தம்னு சொல்லில்லா குடுக்கணும்.

காலையில பீச் ரோட்டுல ரெண்டு கடை பாத்தாச்சு. இது மூணாவது. ஒண்ணும் சேரல.

எதோட சேரணுமா? பழைய ருசியோட. அதுல்லா சங்கதி. உலகச் சண்ட காலத்துல சீமைக் கப்பல் நின்னு போச்சா, அக்கம்பக்கத்துச் சபையில எல்லாம் ரசம் குடுக்கதக் கொறச்சிட்டாவ. எங்க கோயில்ல ஒரு மாசம் தவறல. எங்க பிடிக்கன்னு கேட்டவுகளுக்குப் பழைய இருப்புன்னு சொன்னேன். எஸ்றா சாமர்த்தியக்காரன்னு ஊரே சொல்லிச்சு. இப்ப சண்ட முடிஞ்சு, இந்த ஈஸ்டருக்குப் பம்பாயிலேருந்து புதுப் போத்தல் வந்துச்சு. அசல் சீமைச் சரக்கு, மெழுகு முத்திரையோட. ஐயரு கிண்ணத்த நீட்டுதாரு, மொத ஆளா வேதமணி வாத்தியாரு குடிச்சிட்டு மொகத்தச் சுளிக்காரு. பொம்பளையாளு வரிசையில ஒருத்தி இருமுதா. ஆராதன முடிஞ்சு வெளிய வந்ததும், எல்லாரும் கேக்க வாத்தியாரு சொல்லுதாரு, இது கலப்படம், அசல எஸ்றா குடிச்சிட்டு என்னத்தையோ ஊத்தி வச்சிருக்கான்னு. இருவது வருசமா மணியடிக்கவன் அண்ணாச்சி நான். கோயில் நெறஞ்ச சனம் என்னத் திரும்பிப் பாக்கு. செத்துறலாம் போல இருந்துச்சு.

எங்க இன்பமணி ஐயரு நல்ல மனுசன். எஸ்றா, பழைய ருசி உன் நாக்குக்குத்தான் தெரியும், தூத்துக்குடியில பிரான்சு ரசம் வந்து எறங்கிருக்காம், நீயே போயி ருசி பாத்து அதே ரசத்த வாங்கிட்டு வான்னு அனுப்பிருக்காரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள கொண்டு போகலன்னா சாவியக் குடுத்துறணும். அது ஐயரு சொல்லல, வாத்தியாரு சொன்னது. கள்ளன்னு பேரு வாங்கிட்டு அந்த ஊருல எப்படி இருக்க, சொல்லுங்க.

பையில என்னன்னு அப்போலேருந்தே பாத்துக்கிட்டு இருக்கிய. துவர்த்துத் துண்டுல சுத்தினது ஒரு போத்தல்தான். பழைய ரசம், கடைசிப் போத்தல். ஒவ்வொரு கிளாசுக்கும் இதுல ஒரு சொட்டு நாக்குல வச்சு ஒத்துப் பாக்கேன். ஒத்துப் பாத்தே அடிக்கு வந்துட்டு.

எந்தச் சீமையிலயும் இது கெடைக்காது. கடைக்குள்ள நுழையதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். ஏன்னா இது ரசமே இல்ல அண்ணாச்சி. கிஸ்மிஸ் பழத்த ஊறப் போட்டுக் கருப்பட்டி சேத்துக் காய்ச்சுனது. கப்பல் நின்ன வருசம், போத்தல் காலியாகி நான் தலையில கை வச்சு இருக்கேன், எம் பொண்டாட்டி கிருபாபாய் சொன்னா, சனங்க வெறும் வாயோட வீட்டுக்குப் போவாண்டாம், நான் காய்ச்சுதேன்னு. அஞ்சு வருசம். எனக்கும் அவளுக்கும் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. சாவக் கெடந்தவுகளுக்கு வீட்டுல கொண்டு போயிக் குடுத்ததும் இதுதான். அதுக்கு ஆண்டவருகிட்ட நான் பதில் சொல்லிக்கிடுதேன்.

இப்பவும் அவளையே காய்ச்சச் சொல்லலாம்தான். தை மாசம் காச்சல்ல போயிட்டா. அவளுக்கும் கடைசியா ஐயரு இதத்தான் ஒரு கரண்டி குடுத்தாரு. குடிச்சிட்டு என்னப் பாத்து, இனிப்பு கூடிட்டுன்னு சொல்லுதா. ஐயரு காதுல விழுந்துருமேன்னுதான் எனக்கு அப்ப பயம். அழணும்னு தோணல.

பெறவு நானும் நாலு தரம் காய்ச்சிப் பாத்தேன். வரல. என்ன போடுத, எவ்வளவு போடுதன்னு அவகிட்ட ஒரு நாளும் கேக்கல. அவ இருக்கும்போது எதுக்குக் கேக்க?

நீங்க கருப்பட்டி யாவாரின்னு வாசல்லயே பர்னாந்து சொல்லிட்டாரு. இத்தன மேச காலியாக் கெடக்க உங்க எதுக்க வந்து ஒக்காந்தது அதுக்குத்தான். இந்தாங்க. ஐயரு இன்னும் செபம் பண்ணாதது, உங்க சாமிக்கு ஒரு குத்தமும் வராது. உடங்குடியா, வேம்பாரா, சுக்கு தட்டிப் போட்டிருக்காளான்னு மட்டும் சொல்லுங்க. ஒரு மடக்குத்தான் கெடக்கு. நாக்குல கொஞ்ச நேரம் நிறுத்தி மெல்ல முழுங்குங்க அண்ணாச்சி. அதோட தீந்துரும்.