பித்தளை வளையம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து டீ குடிப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

நான் பொய்மீன் செய்கிறவன். நம் ஏரியில் ஆள் நீளத்துக்கு வளர்ந்த வேட்டை மீன்கள் இருக்கின்றன அல்லவா, அவை புழுவுக்கெல்லாம் மசியாது. ஓடுகிற மீனைத்தான் துரத்தும். அதற்காக மரத்தில் மீன் செதுக்கி, வயிற்றில் ஈயமும் தூண்டில் முள்ளும் வைத்து, உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்துத் தங்கச்சியிடம் கொடுப்பேன். அவள் கொசுவலைத் துண்டைச் சுற்றிப் பெயிண்ட் தெளிப்பாள். வலையை எடுத்தால் உடம்பெல்லாம் செதில். கடைசியில் கண் வரைவாள். அந்தக் கண்ணைப் பார்த்தால் செய்த எனக்கே ஒரு மாதிரி இருக்கும். பட்டறையில் எங்கே போய் நின்றாலும் நம்மையே பார்க்கும்.

மூக்கில் ஒரு வளையம் உண்டு. தூண்டில் நரம்பை அதில்தான் கட்ட வேண்டும். மற்றவர்கள் அதை இரும்பில் செய்வார்கள். நாங்கள் மட்டும் மெல்லிய பித்தளைக் கம்பியில் செய்வோம். பெரிய மீன் ஒரேயடியாக இழுத்தால் பித்தளை விரிந்துகொடுத்துவிடும். பொய்மீனைக் கவ்விக்கொண்டு மீன் போய்விடும், ஆள் படகிலேயே இருப்பான். இது தங்கச்சி செய்த ஏற்பாடு. அவள் புருஷனுக்கு நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம். எத்தனை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "மீன் போனா போவட்டும், ஆளு வீடு வந்து சேரணும்" என்பாள்.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன், ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு முன்னால் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தவர்களிடம் அவளுக்கு வலிப்பு வரும் என்று சொல்லி அனுப்பினேன். எல்லோரும் மரியாதையாகப் போய்விட்டார்கள். இவர் ஒருவர்தான், "வந்தா பாத்துக்கறேன் மச்சான்" என்று சிரித்தார். அப்படிப்பட்டவரை எப்படி வேண்டாம் என்பது? நம் கூரைக்குக் கீழேயே இருக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர்தான் பேச்சை எடுத்தார். கடற்கரைப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறதாம், இரண்டு பேரும் போய்விடலாம் என்று இருக்கிறார்களாம்.

"நீ தனியா சமாளிச்சுக்குவல்ல, அண்ணே?" என்றாள் தங்கச்சி.

"எனக்கென்ன, தாராளமா போயிட்டு வாங்க" என்றேன்.

கை கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு பயம். அவள் நடமாடுகிற சத்தம் இல்லாத வீட்டில் நான் இருந்ததே இல்லை. இத்தனை வயதுக்கு மேல் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

போவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு ஒரு பொய்மீன் செய்து கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. என் கையால் செய்ததிலேயே அதுதான் உசத்தி. தங்கச்சி கண் வரைந்து காய வைத்த பிறகு, பித்தளையைக் கழற்றிவிட்டுத் தடித்த எஃகுக் கம்பியை மூக்கிலிருந்து வால்வரை ஒரே ஓட்டமாக ஓட்டினேன். வளையத்தைப் பற்றவைத்து, பித்தளை நிறம் பூசி, மேலே வார்னிஷ் கொடுத்தேன்.

மாப்பிள்ளை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீனா மச்சான் இது? கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சு வச்சிருக்கீங்க. இதைத் தண்ணில போட மனசு வருமா?" என்றார். "போட்டுத்தான் பாருங்களேன்" என்றேன்.

பட்டறை ஜன்னலிலிருந்து ஏரி நன்றாகத் தெரியும். அன்று சாயங்காலம் அவர் எடுத்துப் போன படகு திடீரென்று ஒரு பக்கமாகத் திரும்பியது. அவர் எழுந்தார். ஒரு கையால் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டார், நரம்பு சுற்றிய இன்னொரு கை தண்ணீரைப் பார்த்து விறைத்து நின்றது. "மச்சான்" என்று கூப்பிட்டார். கரையில் வேறு யாரும் இல்லை, என்னைத்தான் கூப்பிட்டார். பிறகு படகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்த் தங்கச்சியின் பிரஷ்களைக் கழுவி வைத்தேன். காய்ந்துவிட்டால் வீணாகிவிடும்.

மறுநாள் கரை ஒதுங்கினார். மீன் எப்படியோ முள்ளை உதறிவிட்டுப் போயிருந்தது. நரம்பு மட்டும் மணிக்கட்டை விடவில்லை, அதன் நுனியில் பொய்மீனும் அப்படியே இருந்தது. தங்கச்சி அதை அவிழ்த்து எடுத்து வந்தாள். அழவில்லை. பட்டறையில் உட்கார்ந்து, மீன் பல் பட்டிருந்த இடத்தில் வளையத்தை நகத்தால் சுரண்டினாள். மஞ்சள் நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"அண்ணே, இது பித்தளை இல்ல."

"அன்னிக்கு இதுதாம்மா கையில கிடைச்சுது."

"அப்புறம் எதுக்கு பித்தளை கலர் அடிச்ச?"

ஐயா, இந்த ஒரு கேள்வியை நான் யோசிக்கவே இல்லை பாருங்கள். அவள் என்னைப் பார்த்தாள். அவள் வரைகிற கண் இருக்கிறதே, அதே கண். மெதுவாக எழுந்து, என்மேல் வைத்த பார்வையை எடுக்காமலே பின்பக்கமாக நடந்து அவள் அறைக்குள் போனாள். கதவுக்குப் பின்னால் மேஜையை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பாவம், புருஷனைக் கொண்டுபோன ஏரியை நினைத்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். டீ போட்டுக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே நின்று, "நான்தாம்மா, நான் இருக்கும்போது என்ன பயம்?" என்றேன். உள்ளே மூச்சுச் சத்தம்கூட நின்றுபோனது. விடிந்து பார்த்தால் ஜன்னல் திறந்து கிடந்தது, அவள் இல்லை. இங்கேதான் வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவள்தானே? செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. நான்தான் செய்தேன், ஐயா, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போக இனி யாரும் வரமாட்டார்கள், பயப்படாமல் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.